குறும்படத்தை எந்தக் காட்சியில் தொடங்குவது?

அடுத்த கேள்வி கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டது. பல வருடங்களுக்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பும் ஒரு தாயைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறாராம். இரணைமடுக் குளத்துக்கு மேலே ட்ரோன் பறக்க, இசையோடு பெயர்கள் ஓடுவதுதான் தொடக்கம். "இது பார்ப்பவரைக் கட்டிப்போடுமா?" என்கிறார்.

கட்டிப்போடாது, தம்பி. குளம் அழகுதான். ஆனால் அந்தக் காட்சியில் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. பார்ப்பவர் இடத்தைத் தெரிந்துகொள்கிறார். எதற்காகவும் காத்திருக்கத் தொடங்கவில்லை. காத்திருக்க வைப்பதுதான் முதல் காட்சியின் வேலை.

ஓர்சன் வெல்ஸ் இயக்கி 1958இல் வெளிவந்த 'டச் ஒஃப் ஈவில்' படத்தின் தொடக்கத்தில், ஒருவன் காரின் பின்பெட்டியில் வெடிகுண்டை வைத்துவிட்டு ஓடுகிறான். அதையும் சேர்த்து மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாத ஒரே ஷொட். கமராவின் வித்தையைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். குண்டு இருப்பது நமக்குத் தெரியும், காரில் போகிறவர்களுக்குத் தெரியாது. நம்மை அசையவிடாமல் வைத்திருப்பது அதுதான்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) நம்முடைய மாங்குளத்தில், ஒரு கல்யாணத்தோடு தொடங்குகிறது. சென்னைச் சிறுமி அமுதா தன்னைப் பெற்றவளைப் பற்றி அறியும் முன்பே நாம் அந்தத் தாயை மணப்பெண்ணாகப் பார்த்துவிடுகிறோம். பிள்ளை துள்ளி விளையாடும்போதும் நமக்கு நெஞ்சு கனப்பது அதனால்தான்.

இனி உங்கள் கதை. அந்த அம்மா பற்றை மண்டிய வளவுக்குள் இறங்குகிறார். வீடு இருந்த பக்கம் திரும்பவே இல்லை. கத்தியால் செடிகொடிகளை வெட்டி வெட்டி எதையோ தேடுகிறார். கை சீமெந்தில் படுகிறது: கிணற்றுக் கட்டு. ஒரு கல்லை உள்ளே போட்டுவிட்டுக் காது கொடுக்கிறார். இசை வேண்டவே வேண்டாம். பார்ப்பவரும் அவரோடு சேர்ந்து காது கொடுக்கட்டும். 'தொப்' என்று மண்ணில் விழும் சத்தம். கிணறு தூர்ந்துபோய்க் கிடக்கிறது. அந்தச் சத்தத்திலேயே வெட்டிவிடுங்கள். அவர் முகத்தைக் காட்டி அழவைக்காதீர்கள், பின்னணியில் குரல் கொடுத்து விளக்காதீர்கள். தண்ணீருக்கு இனி என்ன செய்வார் என்று பார்ப்பவர் தானாகவே கேட்பார்.

ட்ரோன் காட்சியை வீசிவிட வேண்டாம். அவர் வெறும் குடத்தோடு வீதிக்கு வந்த பிறகு உயர்த்துங்கள். அத்தனை தண்ணீரும் அப்போதுதான் பார்ப்பவருக்கு உறைக்கும். பெயர்களையும் அங்கேயே போடலாம்.

இன்னொன்று, இது படத்தைவிட முக்கியம்: கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணிதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே அந்த அம்மாவைப் பற்றைக்குள் இறக்குங்கள்.