டூல் வெட்டிப்போட்ட பூட்டு

வணக்கம். சிப் என்றாலே எல்லாரும் நானோமீட்டர் கதைக்குப் போய்விடுகிறார்கள். இன்றைக்கு அதை விட்டுவிட்டு, சிப்பை வடிவமைக்கும் மென்பொருளே அதன் பாதுகாப்பை எப்படி வெட்டிப்போடுகிறது என்று பார்ப்போம்.

ஆப்பிளின் எம்1 சிப்பில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். கையால் வரைகிற வேலையா அது? சர்க்யூட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பொறியாளர் வெரிலாக் என்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதிக் கொடுப்பார். அதை லாஜிக் கேட்டுகளாக, அதாவது 0, 1-ஐ வைத்து வேலை செய்யும் சின்னச் சின்ன சர்க்யூட்டுகளாக மாற்றுவது, இடம் பார்த்து உட்காரவைப்பது, கம்பி இழுப்பது எல்லாம் டூல் என்று நாங்கள் சொல்லும் வடிவமைப்பு மென்பொருளின் பொறுப்பு. அந்த டூலுக்கு நாம் பழக்கியது மூன்று ஆசைகள்: மின்சாரம் குறைய வேண்டும், பரப்பு குறைய வேண்டும், வேகம் கூட வேண்டும். ரொம்பக் கறாரான கணக்குப்பிள்ளை அது. ஒரே வேலைக்கு இரண்டு பேர் நின்றால் ஒருவருக்குச் சீட்டைக் கிழித்துவிடும்.

வம்பு அங்கேதான். வங்கி அட்டையில் பின் எண்ணைச் சரிபார்க்கும் சர்க்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தை ஒரு கணம் சரித்தோ, லேசர் அடித்தோ, 'தப்பு' என்ற 0-வை 'சரி' என்ற 1 ஆக்கிவிடலாம். அதனால் விவரமானவர்கள் அதே சோதனையை இரண்டு தடவை எழுதிவைப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் கதவு திறக்கும். டூல் பார்க்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று ஒன்றை வெட்டிவிடுகிறது. அப்புறம் எல்லாச் சோதனையும் பாஸ். கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் யார் லேசர் அடிக்கிறார்கள்?

இன்னொன்று இதைவிட நுட்பம். சிப் இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று 1999-இல் பால் காக்கரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அதைத் தடுக்க, ரகசிய பிட்டோடு ஒரு ரேண்டம் பிட்டை எக்ஸார் (இரண்டும் வேறுவேறாக இருந்தால் மட்டும் 1) செய்து முகமூடி போடுகிறோம். டூலுக்கு அல்ஜீப்ரா தெரியும். எக்ஸாரை எந்த வரிசையில் செய்தால் என்ன, விடை ஒன்றுதான் என்று மாற்றி அடுக்கும். விடை சரிதான், ஆனால் நடுவில் ஏதோ ஒரு கம்பியில் ரகசியம் முகமூடி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு ரொம்ப நாளாக இருக்கும் வைத்தியம், 'இதைத் தொடாதே' என்று அந்தந்த இடத்தில் குறி போடுவது. ஒன்றை மறந்தால் போச்சு. வெட்டுவது போதாதென்று, டூல் தானாகச் சேர்ப்பதும் உண்டு. தொழிற்சாலைச் சோதனைக்காக, ஆளுக்கொரு பிட்டை நினைவில் வைத்திருக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப்புகளைச் சங்கிலியாகக் கோக்கும் ஸ்கேன் செயின் அப்படிப்பட்டது. அதன் வழியாகவே டெஸ் என்ற மறையாக்க முறையின் சாவியை உருவ முடியும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா, சிப்பின் பாதுகாப்பை நான்காவது ஆசையாக டூலுக்குள்ளேயே வைக்க ஒரு திட்டம் தொடங்கியது. 2020-இல் டூல் செய்யும் நிறுவனமான சினாப்சிஸும் ராணுவத் தளவாட நிறுவனமான நார்த்ராப் கிரம்மனும் ஆளுக்கொரு குழுவை நடத்தின. நல்ல யோசனைதான். ஆனால் பரப்புக்குச் சதுர மில்லிமீட்டர் உண்டு, மின்சாரத்துக்கு வாட் உண்டு. பாதுகாப்புக்கு என்ன அலகு? மின்சாரக் கசிவுக்காவது, எத்தனை தடவை அளந்தால் சாவி கிடைக்கும் என்று எண்ணிச் சொல்லலாம். மற்றதற்கு அதுவும் இல்லை. அலகு இல்லாத ஒன்றைக் கணக்குப்பிள்ளையிடம் எப்படிப் பேரம் பேசுவது?

மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். ஊருக்குப் போனதும் ஒரு ரெஜிஸ்டரை (பிட்டுகளைச் சேமித்துவைக்கும் இடம்) இரண்டாக எழுதி, அதைக் கேட்டுகளாக மாற்றும் சிந்தெசிஸ் ஓட்டி, டூல் தரும் கேட்டுப் பட்டியலான நெட்லிஸ்ட்டைத் திறந்து இரண்டாவதைத் தேடுங்கள். நான் முதல் தடவை தேடியபோது, கோப்பு மாறிப்போச்சோ என்று மூன்று முறை மூடி மூடித் திறந்தேன்.