டியால்காவா, பால்கியாவா?

நேயர்களுக்கு வணக்கம்.

போகிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பற்றிய ஜப்பானியக் கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் இங்கே வந்து நின்றுவிடும்: தப்பு டியால்கா மேலா, பால்கியா மேலா? காலத்தை ஆளும் டியால்காவும், இடவெளியை ஆளும் பால்கியாவும் மோதிக்கொள்ளும் திரைப்படம் 2007-இல் வந்தது. அந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. நான் பல வருடம் டியால்கா கட்சி. என் நெருங்கிய தோழி ஒருத்தி பால்கியா கட்சி. நாங்கள் பேசித் தீர்த்ததையும் தீர்க்காததையும் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த இரண்டும் லெஜண்டரி போகிமான்கள், அதாவது அபூர்வமானவை, பெரும் சக்தி கொண்டவை. தனித்தனி உலகங்களில் வாழ்பவை, ஒன்றையொன்று சந்திக்கவே கூடாதவை. எப்படியோ சந்தித்துவிடுகின்றன, சண்டை மூள்கிறது. காயம்பட்ட பால்கியா தப்பி ஓடி அலமோஸ் என்ற ஊரில் பதுங்குகிறது. பதுங்கியதோடு நிற்கவில்லை. ஊரையே பெயர்த்து வேறொரு பரிமாணத்துக்குள் கொண்டுபோய்விடுகிறது. டியால்கா விடாமல் துரத்தி வருகிறது. இரண்டும் மோத மோத, ஊர் ஓரங்களிலிருந்து கரைந்து மறையத் தொடங்குகிறது.

என் தோழியின் வாதம் இதுதான்: அடிபட்டு ஓடியது பால்கியா, துரத்தி வந்தது டியால்கா, இதில் யார் வம்புக்கு வந்தது என்று கேட்கவே வேண்டாம். நான் சொன்னது: டியால்கா நேருக்கு நேர் வந்தது. ஒன்றும் அறியாத ஒரு ஊரைத் தனக்குக் கேடயமாகப் பிடித்துக்கொண்டது பால்கியா. மறைந்துகொள்ள ஊர் எதற்கு?

இந்த வாதத்தில் என்னைத் தடுமாற வைத்தது அதே படத்தில் வரும் மூன்றாவது ஒன்று, டார்க்ரை. அது பக்கத்தில் இருந்தாலே தூங்குபவர்களுக்குக் கெட்ட கனவு வரும். அது வேண்டுமென்று செய்வதல்ல, அதன் இயல்பு அப்படி. அந்த டார்க்ரை ஊருக்குள் தோன்றி, 'வராதே, போய்விடு' என்று கத்துகிறது. ஊர்க்காரர்கள் தங்களைத்தான் மிரட்டுகிறது என்று முடிவுகட்டி அதை விரட்டக் கிளம்புகிறார்கள். அது கத்தியதோ, யார் கண்ணுக்கும் படாமல் ஒளிந்திருந்த பால்கியாவைப் பார்த்து. முன்னொரு காலத்தில் அந்த ஊர்த் தோட்டத்தில் அலிசியா என்ற பெண் டார்க்ரையிடம் பரிவு காட்டியிருந்தாள். அந்த நன்றிக்காகத்தான் ஊரைக் காக்க நின்றது அது.

முதல்முறை பார்த்தபோது நானும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து டார்க்ரையைச் சந்தேகப்பட்டேன். உண்மை தெரிந்ததும் நெஞ்சு கனத்துப்போனது. சொன்ன சொல் காதில் விழுந்தது. யாரிடம் சொன்னது என்று பார்க்கவில்லை. அப்புறம் ஒரு கேள்வி வந்தது: பால்கியா விஷயத்திலும் நான் இதையேதான் செய்கிறேனா?

சரி, அடுத்த வருடம், 2008-இல், இன்னொரு படம் வந்து மூன்றாவதாக ஒரு கட்சியைக் கிளப்பிவிட்டது. அது கிராட்டினா கட்சி. நம் உலகத்துக்குப் பின்புறமாக இருக்கும் தலைகீழ் உலகத்தில் தனியே வாழ்வது கிராட்டினா. டியால்காவும் பால்கியாவும் போட்ட சண்டையின் நச்சு, புகைமண்டலமாக அதன் வீட்டுக்குள் பரவுகிறது. யாரோ இரண்டு பேர் அடித்துக்கொள்ள, வீடு பாழானது இதற்கு. கோபம் கொண்டு டியால்காவைத் தன் உலகத்துக்குள் இழுத்துப் போடுகிறது. டியால்கா தப்பித்து வெளியேறும்போது, கிராட்டினா வெளியே வர முடியாதபடி காலச் சுழல் ஒன்றில் பூட்டிவிட்டுப் போகிறது. தற்காப்பு என்று நான் வாதாடினேன். ஆனால் என் குரலில் பழைய வேகம் இல்லை. வீடு கெட்டவனையே வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதை எப்படி நியாயப்படுத்துவது?

2009-இல் வந்த மூன்றாவது படத்தில்தான் விடை கிடைத்தது. போகிமான் உலகைப் படைத்ததாகச் சொல்லப்படும் ஆர்சியஸ், நெடுங்கால உறக்கத்திலிருந்து விழிக்கத் தொடங்கியதால் காலமும் வெளியும் அதிர்ந்தன, டியால்காவும் பால்கியாவும் ஒன்றின்மேல் ஒன்று மோத நேர்ந்தது. அதாவது இரண்டில் எதுவும் சண்டை தேடிப் போகவில்லை.

ரசிகர்களில் பலருக்கு இதில் ஏமாற்றம். இரண்டு வருடம் தொண்டை வறளப் பேசியதெல்லாம் இதற்குத்தானா என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த விடை, ஏன் சந்தித்தன என்பதை மட்டும்தான் சொல்கிறது. சந்தித்த பிறகு ஏன் அப்படி வெறிகொண்டு அடித்துக்கொண்டன என்பதைச் சொல்லவில்லை. என் கணிப்பு இது: டியால்காவின் கண்ணுக்குப் பால்கியா தன் எல்லைக்குள் நுழைந்த அந்நியன். பால்கியாவின் கண்ணுக்கு டியால்காவும் அப்படியே. இரண்டும் தன் வீட்டைக் காப்பதாகத்தான் நினைத்தன. எந்த எல்லை உடைந்தது, யார் உடைத்தார்கள் என்பது இரண்டுக்குமே தெரியாது.

அந்த மூன்றாவது படத்தில் ரசிகர்கள் அதிகம் பேசாத ஒரு இடம் உண்டு. கிராட்டினா மறுபடியும் டியால்கா மேல் பாய்கிறது. அப்போது ஷீனா என்ற பெண் குறுக்கே வந்து, நடந்ததற்கான காரணத்தை அதன் மனத்துக்கு எடுத்துச் சொல்கிறாள். கிராட்டினா நின்றுவிடுகிறது. வேறு எதுவும் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் கோபத்தோடு ஆர்சியஸ் வந்து இறங்க, டியால்கா, பால்கியா, கிராட்டினா மூன்றும் ஒரே பக்கம் நின்று மிச்சினா என்ற ஊரைக் காக்கப் போராடுகின்றன. அந்தக் காட்சியை நானும் தோழியும் சேர்ந்து பார்த்தோம். இருவரும் எதுவும் பேசவில்லை.

ஆர்சியஸின் கோபத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. விண்கற்களிடமிருந்து உலகைக் காத்து உயிருக்குப் போராடிய அதற்கு டேமோஸ் என்ற மனிதன் உதவுகிறான். நன்றியாகத் தன் சக்தியில் ஒரு பகுதியை மணியாக்கி, வறண்ட நிலத்தைச் செழிக்க வைக்கக் கொடுக்கிறது. திருப்பி வாங்க வந்தபோது அதைத் தாக்குகிறார்கள். டேமோஸ் துரோகி என்றே நம்பி உறங்கப்போகிறது ஆர்சியஸ். பிறகுதான் தெரிகிறது, டேமோஸ் தன் வசத்தில் இல்லை, இன்னொருவன் அவனை மயக்கி ஆட்டிவைத்தான் என்பது. அதற்குப் பட்ட காயம் உண்மை. அதற்குத் தெரிந்த காரணம்தான் பொய். மூன்று படங்களிலும் என்னை அதிகமாக உலுக்கியது இதுதான். அதனால் இப்போதெல்லாம் யாராவது ஒரு லெஜண்டரியை வில்லன் என்று சொன்னால், அதற்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமல் போனது என்று முதலில் கேட்கிறேன்.

குரவுடான், கையோகர் என்ற வேறு இரண்டு லெஜண்டரிகளின் சண்டையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2002-இல் வந்த போகிமான் வீடியோ விளையாட்டுகளில் குரவுடான் நிலத்தை விரிக்கும், கையோகர் கடலை விரிக்கும். நிலம் மனிதனுக்கு வேண்டும், கடல் போகிமான்களுக்கு வேண்டும் என்ற நோக்கமெல்லாம் அவற்றை எழுப்பிவிட்ட மனிதக் கூட்டங்களுடையது. எழுப்பாமல் விட்டிருந்தால் அவை உறங்கிக்கொண்டிருக்கும்.

எனக்கும் தோழிக்கும் இன்னும் தீராத ஒரு வழக்கு மிச்சம் இருக்கிறது. 2004-இல் வந்த படத்தில் ரேக்வாசாவும் டியாக்ஸிஸும் மோதுகின்றன. டியாக்ஸிஸ் விண்கல்லோடு பூமிக்கு வருகிறது. வானத்தைக் காக்கும் ரேக்வாசா அதை ஊடுருவியாகக் கண்டு தாக்குகிறது. வருடங்கள் கழித்து டியாக்ஸிஸ் லாரூஸ் நகரத்தை நிலைகுலைய வைக்கிறது, ரேக்வாசாவும் அதைத் தேடி அங்கே வருகிறது. டியாக்ஸிஸ் தேடி வந்ததோ, அங்கே ஒரு பச்சைப் படிகமாக உயிர் ஒடுங்கிக் கிடந்த தன் துணையை. ரேக்வாசா விண்கற்களைத் தின்று வாழ்வது என்று 2014-இல் வந்த விளையாட்டு சொல்லியது. அன்று முதல் தோழி சொல்கிறாள், அது எல்லையைக் காக்கவில்லை, இரை என்று நினைத்துப் பாய்ந்தது என்று. இரைக்காக யாரும் இத்தனை வருடம் கழித்துத் தேடி வந்து அடிக்க மாட்டார்கள் என்பது என் பதில். கடைசியில் கட்டுமீறிய இயந்திரங்கள் நடுவே ரேக்வாசா சிக்கியபோது, அதைக் காக்க முன்வந்தது டியாக்ஸிஸ்தான். அதற்குப் பிறகு ரேக்வாசா தாக்கவில்லை. திரும்பி வானத்துக்கே போய்விடுகிறது.

போகிறபோது அதன் மனத்தில் என்ன இருந்தது என்றுதான் இந்த வாரமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.