ஒரே ஆள், எத்தனை இடம்?

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளும் ஆட்டம், அதேதான். விதிகளை முழுக்கச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே போய்விடும், அதனால் தேவையானதைப் போகிற போக்கில் சொல்லிக்கொள்கிறேன். நான் பேச வந்தது ரசிகர்களைப் பற்றி, குறிப்பாக ஏப்ரல் மாதத்து ரசிகர்களைப் பற்றி.

ஏப்ரலில் என்.எஃப்.எல். என்ற அவர்களுடைய தொழில்முறை லீக்கில் டிராஃப்ட் நடக்கும். கல்லூரியில் ஆடிய பையன்களை 32 அணிகளும் வரிசையில் நின்று, 7 சுற்றுகளாக, ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். போன சீசனில் ரொம்ப மோசமாகத் தோற்றவர்களுக்கு முதல் வாய்ப்பு. இப்படி வரும் முதல் வருடக்காரர்களுக்கு ரூக்கி என்று பெயர். வருகிற ரூக்கி, பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிற குவாட்டர்பேக் என்றால் ரசிகனின் ஆசை ஒரே இடத்தில் நிற்கும், பையன் பந்தை ஒழுங்காக எறிந்தால் சரி. ஆனால் 'இவன் எங்கே விட்டாலும் ஆடுவான்' என்ற பெயரோடு ஒருவன் வந்து சேர்ந்தான் என்று வையுங்கள், அன்று இரவு நமக்குத் தூக்கம் கிடையாது. அணியில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் அவன் பெயரை எழுதிப் பார்ப்போம். ஓடுவான், பிடிப்பான், எதிரணி உதைத்த பந்தைத் திருப்பி எடுத்து வருவான், அவசரத்துக்கு எறியவும் எறிவான். 53 பேருக்குத்தான் அணியில் இடம் என்னும்போது ஒரே ஆள் மூன்று பேர் வேலையைச் செய்தால் இரண்டு இடம் மிச்சம் என்று கணக்குப் போடுவோம். சம்பளத்திலும் அப்படித்தான். 2011-இல் வந்த ஒப்பந்தத்திற்குப் பிறகு ரூக்கியின் சம்பளம் அவன் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டான் என்பதை வைத்தே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது, எத்தனை வேலை பார்க்கிறான் என்பதற்கு அதில் இடமில்லை. கிரிக்கெட்டில் நல்ல ஆல்ரவுண்டர் கிடைத்தால் வருகிற சந்தோஷம் நமக்குத் தெரியும். அதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஆசை ஒன்றும் ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. 1965-இல் சிகாகோ பேர்ஸ் அணிக்கு கேல் சேயர்ஸ் என்று ஒரு ரூக்கி வந்தார். அந்த ஒரே சீசனில் 22 டச்டவுன், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஓடி 14, பந்தைப் பிடித்து 6, எதிரணி உதைத்ததைத் திருப்பி எடுத்து வந்து 2. போதாததற்கு ஒரு டச்டவுனுக்குப் பந்தை எறியவும் செய்தார். டிசம்பர் 12-ஆம் தேதி, ரிக்லி ஃபீல்டில், சேறும் சகதியுமான தரையில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு டச்டவுன் எடுத்தார். மற்றவர்கள் எல்லாம் வழுக்கி விழுந்துகொண்டிருந்த தரையில்! ரூக்கிக்கு 22 என்ற அந்தக் கணக்கை இத்தனை வருடத்தில் யாரும் தாண்டவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏதாவது ஒரு ஊரில் ஏதாவது ஒரு ரசிகன் 'நமக்கும் ஒரு சேயர்ஸ்' என்று சொல்கிறான் என்றால் தப்பு சேயர்ஸ் மேல்தான்.

அடுத்து நியூ ஆர்லியன்ஸ், 2006. முந்தைய வருடம் கத்ரீனா புயல் நகரத்தையே புரட்டிப் போட்டிருந்தது. சூப்பர்டோம் அரங்கம் மக்கள் தஞ்சம் புகுந்த இடமாகி, சிதைந்து கிடந்தது, செயின்ட்ஸ் அணி சொந்த மைதானமே இல்லாமல் சான் அன்டோனியோவிலும் பேட்டன் ரூஜிலும் ஆடி 3 வெற்றி, 13 தோல்வி என்று சீசனை முடித்திருந்தது. அந்த நேரத்தில் முதல் வாய்ப்பை வைத்திருந்த ஹூஸ்டன் வேறொருவரை எடுத்துவிட, கல்லூரி ஆட்டத்தில் எல்லோரும் வாய் பிளந்து பார்த்த ரெஜி புஷ் இரண்டாவது ஆளாகச் செயின்ட்ஸிடம் வந்து விழுந்தார். வீடு இழந்தவர்கள் அவர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அலைந்த காலம் அது. ஒரு ஆட்டக்காரன் மேல் அவ்வளவு பாரம் ஏற்றலாமா என்றால் ஏற்றக்கூடாதுதான், ஆனால் வேறு எதன் மேல் ஏற்றுவார்கள்?

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் கவனியுங்கள், ஏனென்றால் நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. புஷ் பந்தோடு ஓடியதில் அந்த வருடம் பெரிதாக ஒன்றுமில்லை, 565 கெஜம். நடுவில் முட்டி மோதி ஓடும் வேலைக்கு டியூஸ் மெக்காலிஸ்டர் இருந்தார், ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடினார். புஷ்ஷுக்குக் கொடுத்த முக்கியமான வேலை எறியும் பந்தைப் பிடிப்பது. 88 பந்துகளைப் பிடித்தார், பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்காக வந்த ஒரு ரூக்கிக்கு அதற்கு முன் யாருக்கும் அத்தனை கிடைத்ததில்லை. அணி 10-6 என்று முடித்து, தன் வரலாற்றிலேயே முதல் முறையாக, லீக்கின் ஒரு பாதிக்கான இறுதிப் போட்டி வரைக்கும் போனது. ஆசைப்பட்டவர்கள் கேட்டது சேயர்ஸை, கிடைத்தது வேறு மாதிரி ஆள், ஆனால் பயிற்சியாளர் அவருக்கு ஒரு வேலையைத் தெளிவாகக் கொடுத்திருந்தார்.

இப்போது எதிர்ப்பக்கம். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம்மவர்கள் சொல்வார்கள். ஆட்டக்காரனைத்தான் அந்தத் தச்சன் என்று நினைத்து இந்தப் பழமொழியை எடுத்துவிடுவோம். எனக்கென்னவோ தச்சன் என்பது அணி நிர்வாகம்தான் என்று படுகிறது.

2020-இல் அரிசோனா கார்டினல்ஸ் எட்டாவது ஆளாக எடுத்தது ஐசாயா சிம்மன்ஸை. கிளெம்சன் கல்லூரியில் தற்காப்பின் நடு வரிசையில் லைன்பேக்கராக நின்றார், கடைசிக் காவலான சேஃப்டியாக நின்றார், எறியும் பந்தைப் பிடிக்கிற எதிரணி ரிசீவரை ஒட்டி ஓடும் கார்னர் வேலையும் பார்த்தார். ஆறடி நாலு அங்குல உயரம், 238 பவுண்டு எடை, அந்த உடம்போடு 40 கெஜத்தை 4.39 விநாடியில் ஓடினார். எனக்கும் அந்த அணிக்கும் எந்த உறவும் இல்லை, இருந்தும் அன்று நான் துள்ளிக் குதித்தேன், அவ்வளவு அழகான ஆட்டக்காரர். முதல் ஆட்டத்திலேயே சான் ஃபிரான்சிஸ்கோவின் ரஹீம் மோஸ்டர்ட் அவரைப் பின்னால் விட்டுவிட்டு 76 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். அதன் பிறகு கொஞ்ச நாள் பெஞ்சில்தான் அதிக நேரம். அக்டோபரில் சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், ரஸ்ஸல் வில்சன் எறிந்த பந்தைப் பறித்தார், அரிசோனா 37-34 என்று ஜெயித்தது. அந்த ஒரு பந்து போதாதா! ரசிகர்கள் மறுபடியும் எல்லா இடத்திலும் அவர் பெயரை எழுத ஆரம்பித்தார்கள். மூன்று வருடம் இங்கும் அங்கும் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, 2023 ஆகஸ்டில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்குக் கிடைத்தது ஒரு ஏழாம் சுற்று வாய்ப்பு, டிராஃப்டிலேயே கடைசிச் சுற்று.

திறமை குறைவு என்று சொல்லி முடித்துவிடலாம், எனக்கு மனசு வரவில்லை. லைன்பேக்கர் என்றால் முன்னால் இருக்கும் பெரிய உருவங்களின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து அரை விநாடியில் முடிவெடுக்கவேண்டும். சேஃப்டி பின்னால் நின்று மொத்த மைதானத்தையும் பார்க்கவேண்டும். கார்னர் எதிரே நிற்கும் ஒருவனின் இடுப்பை மட்டும் பார்க்கவேண்டும். மூன்றுக்கும் கண் பழகவேண்டிய இடம் வேறு. கல்லூரியில் கால் வேகம் இந்தக் குறையை மூடிவிடும், எதிரே இருப்பவனும் பையன்தானே. இங்கே எதிரே நிற்பவன் பத்து வருடமாக இதே வேலையைச் செய்கிறவன், நீ யோசிக்கும் அந்த அரை விநாடிக்காகத்தான் காத்திருக்கிறான். யோசிக்கிற ஆள் மெதுவாக ஓடுவான், 4.39 எல்லாம் காகிதத்தில்தான்.

மே மாதப் பயிற்சியைப் பார்த்து நாம் ஏமாறுவதும் இதனால்தான். அப்போது மோதல் கிடையாது, கவசம் கிடையாது, ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அங்கே எல்லோரும் சேயர்ஸ்தான்.

டல்லாஸ் அணியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் மைக்கா பார்சன்ஸ், பன்னிரண்டாவது ஆள், லைன்பேக்கர் என்று எடுத்தார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் டிமார்கஸ் லாரன்ஸ் பாதத்தில் எலும்பு முறிவு, ஓரத்திலிருந்து பாய்ந்து குவாட்டர்பேக்கைத் துரத்த ஆள் இல்லை. சரி, நீ போ என்று பார்சன்ஸை அனுப்பினார்கள். அந்த வருடம் 13 முறை குவாட்டர்பேக்கைப் பந்தோடு சாய்த்தார், தற்காப்பில் சிறந்த ரூக்கி விருதை ஒரு ஓட்டுகூட சிதறாமல் வாங்கினார். அவரும் பல இடம் தெரிந்தவர்தான். தேவை வந்தது, அந்தத் தேவை அவருடைய ஆகப் பெரிய பலத்தோடு பொருந்தியது, அதன் பிறகு அவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இதில் நிர்வாகத்தின் புத்தி எவ்வளவு, லாரன்ஸின் கால் எலும்பு எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் ஆடவில்லையா என்று கேட்பீர்கள். ஆடினார்கள். சாமி பா என்பவர் 1943-இல் பந்தை எறிவதிலும் முதல், பந்தை உதைப்பதிலும் முதல், எதிரணி எறிந்ததைப் பறிப்பதிலும் முதல். 1950-இல்தான் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்ற விதி நிலைத்தது, அதோடு தாக்குதலுக்குத் தனி ஆட்கள், தற்காப்புக்குத் தனி ஆட்கள் என்று பிரிந்துவிட்டார்கள். அதற்கும் பத்து வருடம் கழித்து, 1960-இல், ஃபிலடெல்ஃபியாவின் சக் பெட்னாரிக் 35 வயதில் இரண்டு பக்கமும் ஆடி, கிரீன் பேவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் கடைசி நொடியில் ஜிம் டெய்லரைப் பிடித்து மண்ணில் அழுத்தினார், 17-13. ஆனால் அது அவருக்குப் பன்னிரண்டாவது சீசன். இரண்டு வேலையும் கை பழகிப்போன கிழச்சிங்கம், ரூக்கி இல்லை. ஜூலியன் எடல்மேனைப் பாருங்கள், கல்லூரியில் குவாட்டர்பேக், 2009-இல் 232-ஆவது ஆளாக வந்தவர். ரிசீவர் வேலையைக் கற்றுக்கொண்டு, மூன்றாவது வருடத்தில் ஆள் இல்லாதபோது தற்காப்பிலும் போய் நின்றார். யாரும் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, அது எவ்வளவு பெரிய வசதி தெரியுமா? பத்து வருடம் கழித்து, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவர் கையில்.

இப்படியெல்லாம் பேசிவிட்டு டிராவிஸ் ஹன்டரைப் பற்றிச் சொல்லாமல் போனால் விடமாட்டீர்கள். கொலராடோ கல்லூரியில் ரிசீவராக ஒரு முழு ஆட்டம், கார்னர்பேக்காக ஒரு முழு ஆட்டம், இரண்டும் ஒரே நாளில். 2024-இல், கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை. 2025 டிராஃப்டில் ஐந்தாவது இடத்தில் இருந்த ஜாக்சன்வில் அணி, இரண்டாவது இடத்துக்கு ஏறி அவரை எடுப்பதற்காக, அடுத்த வருட முதல் சுற்று வாய்ப்பு உட்பட நிறையவே கொடுத்தது. இரண்டு பக்கமும் ஆட வைப்போம் என்றும் சொன்னது. ஜாக்சன்வில் ரசிகர்களை நினைத்தால் எனக்குப் பாவமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. அங்கே ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல், தாக்குதல்காரர்களுக்கு ஒரு அறையில் கூட்டம் நடக்கிற அதே நேரத்தில்தான் தற்காப்புக்காரர்களுக்கு அடுத்த அறையில் கூட்டம் நடக்கும். ஒருவன் எந்த அறையில் உட்காருவான்?

அக்டோபர் 19, லண்டன் வெம்ப்ளி மைதானம், ராம்ஸ் அணிக்கு எதிராக. ஹன்டர் 8 பந்துகளைப் பிடித்து 101 கெஜம் எடுத்தார், முதல் டச்டவுனும் போட்டார். அணி 35-7 என்று உதை வாங்கியது, அதைப் பற்றி யாருக்குக் கவலை, பையன் வந்துவிட்டான் என்றுதான் பேச்சு. அந்த மாதக் கடைசியில் பயிற்சியின்போது முழங்காலில் காயம், அறுவை சிகிச்சை. ஏழு ஆட்டங்களோடு முதல் சீசன் முடிந்தது.

அதிக வேலையால் முழங்கால் போனது என்று நான் சொல்லமாட்டேன், ஒரே வேலை பார்க்கிறவர்களுக்கும் முழங்கால் போகிறது. ஆனால் என்னைக் கேட்டால், ஒரு முழு வருடம் கார்னர்பேக்காக மட்டும் விடுங்கள் என்பேன். நல்ல ரிசீவர்கள் வருடத்துக்கு ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், ஒருவனை ஒட்டிக்கொண்டு கடைசி வரை ஓடக்கூடிய கார்னர் அப்படி வருவதில்லை. பந்து பிடிக்கிற கை எங்கும் போய்விடாது, அடுத்த வருடமும் இருக்கும். என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார், 101 கெஜம் எடுத்தவனைப் போய்த் தற்காப்பில் பூட்டி வைப்பாயா என்று. வரட்டும், இன்னும் அவரிடம் தோற்கவில்லை. நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நன்றி, வணக்கம்.