எட்டாம் பகுதியும் ஏழு கிணறுகளும்

வணக்கம் நேயர்களே. பிடித்த விடயம் எதையும் ஏழு நிமிடம் கதைக்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வானொலிதான், அது இவர்களுக்கும் தெரியும். ஆனால் இன்று ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். கிழவன் வீடு மாறி வந்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். சுற்றிச் சுற்றி வானொலிக்குத்தான் வருவேன்.

தொடரின் பெயர் ட்வின் பீக்ஸ். டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ரொஸ்ட் என்ற இருவர் உருவாக்கியது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் மர ஆலை உள்ள ஒரு சிற்றூர். பள்ளிக்கூடம் போகிற லோரா என்ற பெண்ணின் உடல் பிளாஸ்டிக் தாளில் சுற்றியபடி கரையொதுங்குகிறது. கொன்றது யார்? 1990 இல் அமெரிக்கா முழுவதும் இதே கேள்விதான். 1991 இல் நின்றுபோன தொடர் 2017 இல் 18 பகுதிகளாகத் திரும்பி வந்தது. அதில் எட்டாம் பகுதி, ஒன்றே ஒன்று, அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மருமகன் மடிக்கணினியில் கொண்டு வந்து வைத்தான். "மாமா, பாருங்கோ. விளங்கினால் எனக்கும் சொல்லுங்கோ." அக்கா பக்கத்தில் குந்தியிருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. முந்திய பகுதி ஒன்றும் அவ பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பெரிய உதவியில்லை என்பது வேறு கதை.

இடையில் படம் திடீரென்று கறுப்பு வெள்ளையாகிறது. 1945 ஜூலை 16, விடியும் முன், நியூ மெக்சிகோ பாலைவனம். உலகின் முதல் அணுகுண்டுச் சோதனை. தூரத்தில் ஒரு குடை போல முகில் எழும்புகிறது. கமரா அதை நோக்கி மெல்ல மெல்லப் போகிறது, உள்ளேயே போய்விடுகிறது. அப்புறம் நிமிடக்கணக்காகப் பொறியும் புழுதியும் நெருப்பும்தான். ஒரு வார்த்தை பேச்சில்லை. "பெட்டி பழுதாப் போச்சோ?" என்றா அக்கா.

பிறகு கடல். நடுவே நெட்டைப் பாறை, உச்சியில் ஒரு மாளிகை. அக்கா கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தா. "இது எங்கட கோணமலையெல்லோ!" திருகோணமலையில் கடலோரத்துச் சுவாமிமலைப் பாறையைப் பார்த்து வளர்ந்த கண் வேறு எதைச் சொல்லும்? அந்த மாளிகையில் ஒரு நெடிய மனிதர் அந்தரத்தில் மிதக்கிறார், தலையிலிருந்து பொன்னிறத் துகள் சொரிகிறது, அதில் ஓர் உருண்டை, உருண்டைக்குள் லோராவின் முகம். எனக்கு விளங்கியதா? இல்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

சரி, இப்போது வானொலிக்கு வருகிறேன். 1956, ஒரு இரவு. உடம்பெல்லாம் கரி பூசியது போல ஓர் ஆள் பாலைவனத்திலிருந்து நடந்து வருகிறான். கையில் சிகரெட். எதிர்ப்படுகிறவர்களிடம் ஒரே கேள்வி: "நெருப்பு இருக்கா?" நேரே ஒரு சிறிய வானொலி நிலையத்துக்குள் போகிறான். அங்கே அருமையான பழைய காதல் பாட்டொன்று போய்க்கொண்டிருக்கிறது. வரவேற்பில் இருந்த பெண்ணைக் கொல்கிறான். பாட்டுப் போடுகிறவரின் மண்டையைப் பிடித்து நசுக்கியபடியே ஒலிவாங்கியில் பேசத் தொடங்குகிறான். "இதுதான் தண்ணீர். இதுதான் கிணறு. நிரம்பக் குடித்து இறங்கு..." அதையே திரும்பத் திரும்ப. கராஜில் வேலை செய்கிறவர், உணவுக்கடைப் பெண், படுக்கையில் பாட்டுக் கேட்ட சிறுமி, ஒவ்வொருவராக மயங்கிச் சரிகிறார்கள்.

அக்கா எழும்பிப் போய் எங்கள் குசினி றேடியோவின் வயரைக் கழற்றிவிட்டு வந்தா. பொய்யில்லை.

நான் சிரிக்கவில்லை நேயர்களே. ஊரடங்கு இரவுகளை நினைத்துப் பாருங்கள். கதவைத் தாழிட்டு விளக்கைக் குறைத்துவிட்டு இருந்தோம். பகல் முழுக்க வெயிலில் காயவைத்த பற்றறியைப் போட்டு, றேடியோவைக் காதோடு ஒட்டிப் பிடித்தோம். வேறு யாருக்கும் திறக்காத வீட்டுக்குள் அந்தக் குரல் மட்டும் வந்தது. என்ன சொல்லப் போகிறதென்று தெரியாமலே அதற்காகக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பை இவ்வளவு சரியாகக் காட்டிய படம் நான் வேறு பார்க்கவில்லை.

தண்ணீர், கிணறு என்றதும் எனக்கு வந்தது திருகோணமலைப் பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். வேறெங்கே போகும் மனம்? ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. சிறு வயதில் அம்மம்மா கூட்டிப் போவா. பஸ்ஸில் இறங்கி, ஒரு கையில் வாளி, மறு கையில் நான். முதற் கிணற்றில் அள்ளி வார்த்தால் இதமாக இருக்கும், அடுத்ததில் துள்ளுவேன், அதற்கடுத்தது ஆறினது போல இருக்கும். "ஏன் அம்மம்மா ஒன்றுக்கொன்று வேற சூடு?" என்று கேட்டேன். தாயின் அந்திமக் கிரியைக்காக இராவணன் குத்திய இடங்கள் என்று ஊரில் சொல்வதைச் சொல்லியிருக்கலாம். நிலத்தடியில் ஆழத்தில் சூடாகி வருகிற நீர் என்று வாத்தியார் சொன்னதையும் சொல்லியிருக்கலாம். அவ சொன்னது, "முதல் குளி. கதை பிறகு." ஏழாவது கிணறு வரை வார்த்தா. தலை துவட்டினா, பொரிவிளாங்காய் தந்தா, பஸ்ஸும் வந்தது. கதை வரவேயில்லை.

மருமகனுக்கு இதைச் சொன்னேன். அவனோ அந்த வண்டு என்ன, அந்தச் சிறுமி யார் என்று விளக்கம் தேடி ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறான். ஓம், வண்டை விட்டுவிட்டேன். பாதி தவளை, பாதி வண்டு. தூங்குகிற சிறுமியின் வாய்க்குள் போகிறது. சாப்பாட்டு நேரத்தில் கேட்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

தம்பி, உன் கொப்பியை மூடு என்றேன். தொடர் முதல் தடவை ஓடியபோது கொலைகாரன் யாரென்று சொல்லச் சொல்லி ஒளிபரப்பியவர்கள் நெருக்கினார்கள். சொன்னார்கள். சொன்னதோடு பார்க்கிறவர்கள் குறைந்தார்கள், அடுத்த வருடம் தொடரே நின்றது. இன்னொன்று கேளுங்கள். அந்தத் தொடரிலேயே மிகப் பயங்கரமான முகம் பொப் என்கிற ஆள். நடித்தவர் நடிகரே அல்ல. படப்பிடிப்பு அறையில் தளபாடம் ஒழுங்குபடுத்தும் ஃபிராங்க் சில்வா. ஒரு காட்சியில் கண்ணாடியில் அவர் தற்செயலாகத் தெரிந்துவிட்டார். வேறு யாராவது என்றால் திரும்ப எடுத்திருப்பார்கள். லிஞ்ச் அதை அப்படியே வைத்துக்கொண்டார். எடுத்தவருக்கே அப்படித் தற்செயலாக வந்ததற்கு இவன் கொப்பியில் கோடு போட்டுக் காரணம் எழுதுகிறான்!

இந்த ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒரு விரல் காட்டுகிறார். ஒரு நிமிடமாம். சத்தத்தைப் பற்றித்தான் கடைசியில் ஆறுதலாகக் கதைக்க இருந்தேன், அதுதான் முக்கியம். அணுகுண்டு முகிலுக்குள் போகும்போது கேட்கிற அந்த இசை, போலந்து இசையமைப்பாளர் பென்டெரெக்கி 52 நரம்பு வாத்தியங்களுக்கு எழுதியது. ஹிரோஷிமாவில் பலியானவர்களுக்கான ஒப்பாரி, அதுதான் பெயரே. வயலின்கள் கத்துகின்றன நேயர்களே, இசைப்பதில்லை. எங்கள் செத்தவீட்டுக் கிழவிகளின் குரலோடு அதைப் பக்கத்தில் வைத்து ஒரு துண்டு போட்டுக் காட்டலாமென்று கொண்டுவந்திருக்கிறேன்... இல்லையாம், தலையை ஆட்டுகிறார். செய்திக்கு நேரமாகிவிட்டது.

இன்னொரு நாள் கூப்பிட்டால் கொண்டு வருகிறேன். எல்லோரும் விழித்துத்தானே இருக்கிறீர்கள்? சரி. வணக்கம்.