காட்டின் தரையில் ஒரு பச்சைச் சக்கரம்

அவையில் கூடியிருக்கும் பெரியோருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம். உள்ளே வரும்போது உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் இட்லிப்பூக் கிளை கொடுத்திருப்பார்கள். இந்தக் கல்லூரி வாசலில் நிற்கும் செடியிலிருந்து இன்று காலை நானே ஒடித்தவை. பூவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தண்டைப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக நிற்கின்றன. அந்த இரண்டு இலைகளின் அடிக்கும் நடுவில், தண்டை ஒட்டிக்கொண்டு, நுனி கூர்ந்த ஒரு முக்கோணச் செதில் தெரிகிறதா? கிளையைத் திருப்பினால் மறுபக்கமும் ஒன்று இருக்கும். இதற்கு இலையடிச் செதில் என்று பெயர். இன்று நான் பேச வந்தது இந்த இட்லிப்பூவின் உறவுக்காரச் செடியான வால்ட்மைஸ்டரைப் பற்றி. அது வாழும் இடம் ஐரோப்பாவின் பீச் (beech) மரக் காடு; பழக்கடையில் பார்க்கும் பீச் வேறு, இது வேறு.

ஜெர்மனியின் நடுவில், துரிங்கியா மாநிலத்தில் ஹைனிஷ் என்ற காடு இருக்கிறது. நெடுங்காலம் ராணுவப் பயிற்சி நிலமாக இருந்ததால் அதன் பெரும்பகுதியில் கோடரி அதிகம் விழவில்லை. 1997இல் தேசியப் பூங்கா ஆனது. 2011இல் ஜெர்மனியின் தொன்மையான பீச் காடுகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு மே மாதத்தில் அங்கே போயிருந்தேன். எல்லோரும் அண்ணாந்து மரங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று உயர்ந்த அந்த அடிமரங்கள் பார்க்க வேண்டியவைதான். ஆனால் எங்களை அழைத்துப்போன வனக்காவலர், "மண்டியிடுங்கள்" என்றார். மண்டியிட்டோம்.

தரையெங்கும் ஒரு சாண் உயரத்தில் பச்சைச் சக்கரங்கள். நாற்கோணமான மெல்லிய தண்டு. அதில் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கிலும் ஆறு முதல் ஒன்பது வரை இலைகள், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல். உச்சியில் வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு இதழ் மடல்கள், கீழே ஒரு குட்டிக் குழல். உங்கள் கையிலுள்ள இட்லிப்பூவை வெள்ளையாக்கி, மிளகளவாகச் சுருக்கினால் ஏறக்குறைய அந்தப் பூதான். ஜெர்மானியர் இதை வால்ட்மைஸ்டர் என்கிறார்கள். வால்ட் என்றால் காடு, மைஸ்டர் என்றால் தலைவன். தாவரவியலில் இது காலியம் ஓடோராட்டம்.

அரளியில் ஒரு கணுவில் மூன்று இலை பார்த்திருக்கிறோம். அது வட்ட இலை அமைவு என்று பள்ளியிலேயே படித்தோம். இங்கே எட்டு இலை. ஆனால் இந்த எட்டும் ஒரே பிறப்பல்ல. கணுவிலிருந்து பக்கக் கிளை எங்கே முளைக்கிறது என்று பாருங்கள். எட்டில் இரண்டின் கக்கத்தில்தான் முளைக்கும். அவை எதிரெதிராக நிற்கும். அந்த இரண்டே உண்மையான இலைகள். மற்றவை, உங்கள் விரல் இப்போது தொட்டுக்கொண்டிருக்கும் அந்த முக்கோணச் செதில்கள்தாம்! அவை நீண்டு, பச்சை பிடித்து, இலைக்குச் சமமாக வளர்ந்து, இலையின் வேலையையே செய்கின்றன. முதன்முதலாக இதைப் புரிந்துகொண்ட நாளில் நான் அடைந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை. நம் ஊரிலேயே இதைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரி, கொடைக்கானல் சோலைகளின் ஓரத்தில் படரும் மஞ்சிட்டிக் கொடியைத் தேடுங்கள். கணுவுக்கு நான்கு இலை தெரியும். அதிலும் இரண்டு செதில்வழி வந்தவை.

இட்லிப்பூ, காப்பி, நுணா, மஞ்சிட்டி, சாயவேர் எல்லாம் ரூபியேசி என்ற ஒரே குடும்பம். பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெருங்குடும்பம்; பெரும்பாலும் வெப்பநாட்டு மரங்களும் புதர்களும். அதில் ஒரு கிளை குளிர்நாடுகளுக்குப் போய்ச் சிறு செடிகளாகிவிட்டது. குடும்ப அடையாளங்களை மட்டும் அது விடவில்லை. காப்பிப் பழத்தைப் பிதுக்கினால் இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் வைத்திருக்கும். வால்ட்மைஸ்டரின் காயும் ஒட்டிப் பிறந்த இரண்டு உருண்டைகள், ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு விதை. சாயவேரும் மஞ்சிட்டி வேரும் தருவதுபோல் இதன் வேரும் சிவப்புச் சாயம் தரும்.

இனி மணம். நிற்கும் செடியை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பறித்துச் சிறிது வாடவிட வேண்டும். உயிருள்ள இலையில் அந்த மணப்பொருள் சர்க்கரையோடு பிணைந்து அடங்கிக் கிடக்கிறது. இலை வாடி அதன் உயிரணுக்கள் சிதையும்போது நொதி வந்து அந்தப் பிணைப்பை அறுக்கிறது, கூமரின் வெளிப்படுகிறது. அறுத்த புல் வெயிலில் காயும்போது எழுமே, அந்த மணத்தோடு சிறிது இனிப்பும் கலந்தது போலிருக்கும். நம் கடைகளில் பட்டை என்று விற்கும் தடித்த காசியாப் பட்டையிலும் இதே கூமரின் உண்டு. இலங்கையின் மெல்லிய கறுவாவில் மிகவும் குறைவு. காலியம் வகைச் செடிகளைக் காயவைத்து ஐரோப்பியர் மெத்தையில் திணித்தார்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்குப் படுக்கை வைக்கோல் என்ற பொருளில் பெயர் அமைந்தது அதனால்தான். நாம் துணிப் பெட்டியில் வசம்பு போடுவதுபோல் அவர்கள் வால்ட்மைஸ்டர் தழையைப் போட்டார்கள். மே மாதத்தில் பூப்பதற்கு முன் பறித்த தழையைத் திராட்சை மதுவில் ஊறவைப்பதும் பழைய வழக்கம். அளவு மீறினால் தலைவலி. கூமரின் மிகுந்தால் கல்லீரலுக்குக் கேடு என்பதால் 1974இல் ஜெர்மனி, குழந்தைகள் விரும்பும் மிட்டாய்களிலும் பானங்களிலும் இந்தத் தழையைச் சேர்ப்பதைத் தடை செய்தது. பச்சை நிறமும் செயற்கை மணமும் மட்டும் அதே பெயரில் இன்றும் விற்கின்றன.

மணத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இந்தச் செடி குடியிருக்கும் இடம். பீச் மரம் கடும் நிழல் தரும் மரம். மே மாதத்தில் இலை விரிந்து கூரை மூடிவிட்டால் தரைக்கு வரும் வெளிச்சம் மிகச் சொற்பம். ஆகவே காட்டுத் தரைச் செடிகள் பல, மரம் மொட்டையாக நிற்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே பூத்துக் காய்த்து மண்ணுக்குள் மறைந்துவிடும். வால்ட்மைஸ்டர் அப்படி ஓடுவதில்லை. பனிக்காலத்திலும் சில பச்சைத் தண்டுகளை வைத்திருக்கிறது. இளவேனில் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. பிறகு கோடை முழுவதும் அந்த நிழலிலேயே வாழ்கிறது. மண்ணுக்குச் சற்றுக் கீழே நூல்போல் ஊரும் தண்டுகளால் பரவுகிறது. காயின் மேல் கொக்கி மயிர்கள் உண்டு. காட்டுப்பன்றியும் மானும் ரோமத்தில் ஒட்டிச் சுமந்து போகும். ஆனாலும் பழைய காட்டிலிருந்து பக்கத்தில் புதிதாக வளர்த்த காட்டுக்குள் நுழைய இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். மண்புழு சருகைச் சீக்கிரம் தின்று மண்ணாக்கும் ஈரமான, சத்துள்ள நிலம் வேண்டும். ஹைனிஷ் காட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். மேலே காற்று கொண்டுவந்து படியவைத்த வண்டல். அதனால்தான் அங்கே அப்படிச் செழித்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் கொண்டுவந்த வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தில் இத்தகைய காட்டுக்கு அஸ்பெருலோ-ஃபாகேட்டம் என்று பெயர். ஃபாகஸ் என்பது பீச் மரம். அஸ்பெருலா என்பது 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலர் லின்னேயஸ் நம் செடிக்கு இட்ட பேரினப் பெயர். பின்னாளில் அதைக் காலியத்துக்கு மாற்றிவிட்டாலும் காட்டின் பெயரில் பழைய பெயரே நிற்கிறது. முப்பது மீட்டர் மரத்தின் பெயருக்கு முன்னால் ஒரு சாண் செடியின் பெயர்! பீச் மரத்தை எங்கு வேண்டுமானாலும் நட்டுவிடலாம். அதன் அடியில் இருப்பது எந்த மண், எவ்வளவு பழைய காடு என்பதை இந்தச் செடியைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

2018ஆம் ஆண்டின் வறட்சியும் அடுத்த ஆண்டின் வறட்சியும் ஹைனிஷிலும் பீச் மரங்களைக் கொன்றன. பட்டுப்போன ஒரு பெரிய மரத்தின் அருகே வனக்காவலர் எங்களை நிறுத்தினார். கூரை கிழிந்து வெயில் நேராக விழுந்த இடத்தில் முட்புதரும் உயரமான புல்லும் ஏறியிருந்தன. சக்கரங்கள் அங்கே இல்லை. வெயிலின் விளிம்பில், என் இடுப்புயரம் வளர்ந்த ஒரு பீச் கன்று இருந்தது. அதன் சிறு நிழலுக்குள், முறத்தளவு இடத்தில், வால்ட்மைஸ்டர் பூத்திருந்தது.