ஒற்றை அறைக் குடித்தனம்

வணக்கம் நேயர்களே. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏன் சண்டை என்றால், குணம் சரியில்லை என்போம். நான் முதலில் கேட்பது, வீட்டில் எத்தனை அறை?

லண்டன் பிரிக்ஸ்டன் பகுதியில் குடியேறிய கரீபியன் கறுப்பினக் குடும்பங்களோடு பழகியதில் வந்த கேள்வி இது. 1948இல் கரீபியன் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு விண்ட்ரஷ் என்ற கப்பல் இங்கிலாந்துக்கு வந்தது. அதன் பின்னால் ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பஸ் ஓட்டவும் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கவும் ஆள் வேண்டியிருந்தது. வீடு மட்டும் தரமாட்டார்கள். கறுப்பர்களுக்கு இல்லை என்று ஜன்னலிலேயே அட்டை தொங்கும். அதைச் சட்டம் தடுத்தது 1968இல்தான்.

கிடைத்தது ஒற்றை அறை. கட்டில், மண்ணெண்ணெய்க் கணப்பு, ஈரத்துணி எல்லாம் அதற்குள். சமையலறை மொத்த வீட்டுக்கும் பொது. அவருக்கு விடிகாலை பஸ், அவளுக்கு ராத்திரி டியூட்டி. கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னொரு அறை கிடையாது, பாருங்கள்!

பக்கத்து வீட்டு ஜமைக்கா அம்மா சொன்ன கதை ஒன்று. வங்கியில் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் சீட்டு கட்டுவார்கள். 'பார்ட்னர்' என்று பெயர். நம் ஊர்ச் சீட்டேதான், ஆனால் ஏலம், தள்ளுபடி கிடையாது. 30 பேர், வாரம் 3 பவுன்; தங்கம் இல்லை, இங்கிலாந்துப் பணம். இவர்கள் முறை வந்தது, 90 பவுன். வீட்டுக்கு முன்பணம் என்றார் புருஷன். ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த மகளுக்குக் கப்பல் டிக்கெட் என்றாள் இவள். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு: பிள்ளையைக் கூட்டிவந்து எங்கே படுக்க வைப்பது? வீடுதான் ஜெயித்தது. மகள் வந்தபோது வயது 11. பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம். அவளுக்கு அம்மா என்றால் பாட்டிதான். "அந்த 90 பவுனுக்கு இன்னமும் சண்டை போடுகிறோம்" என்று சிரித்தார் அந்த அம்மா. புருஷன் சிரிக்கவில்லை.

கரீபியன் குடும்பங்களில் சண்டையும் பிரிவும் வழக்கம்தான், அடிமைக் காலத்திலிருந்து வருவது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அடிமை முறை குடும்பங்களைப் பிய்த்துப்போட்டது உண்மை. அதற்காக வாடகையையும் ஷிப்டையும் கணக்கில் விடலாமா? மறுபடியும் சொல்கிறேன், அறையை எண்ணுங்கள்.

மணி காட்டுகிறார்கள். ஆண்களின் வேலை பற்றிச் சொல்லவே இல்லையே. சுருக்கமாக: ஊரில் தச்சு ஆசாரியாக இருந்தவர் இங்கே தொழிற்சாலையில் தரை கூட்டினார். அந்த எரிச்சலோடு சாயங்காலம் திரும்புவதும் அதே ஒற்றை அறைக்குத்தான். நன்றி, வணக்கம்.