கோபுரம் வைக்காத கோயில்

எல்லோருக்கும் வணக்கம். எபெனேசர் என்று பெயர் உள்ள ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். இதுவரைக்கும் கடவுள் உதவி செய்தார் என்று பைபிளில் வரும் சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை நிறுத்தி அதற்கு வைத்த பெயர் அது. அதே பெயரில் ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு வடமேற்கே ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. 1809இல் பிரஸ்பிட்டேரியன்கள், அதாவது ஸ்காட்லாந்து வழி வந்த புராட்டஸ்டன்ட் சபையார், கட்டியது. அந்த நாட்டில் இன்றைக்கு நிற்கிற தேவாலயங்களில் இதுதான் மூத்தது. இன்று மாலை அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கட்டியவர்கள் 1802இல் கப்பலேறி வந்த சில குடும்பங்கள், பெரும்பாலும் ஸ்காட்லாந்து எல்லைப் பக்கத்து ஆட்கள். பிரிட்டன் தன் கைதிகளை நாடு கடத்தி அனுப்பிய இடம் அது, ஆனால் இவர்கள் கைதிகளாக வரவில்லை, பிழைக்க வந்தவர்கள். அவர்கள் வந்த கப்பலின் பெயர் கோரமாண்டல்! நம் சோழமண்டலம் ஆங்கிலேயர் வாயில் அப்படித் திரிந்து, ஒரு கப்பலின் நெற்றியில் ஏறி, அந்த ஆற்றங்கரை மக்களின் குடும்பக் கதைக்குள்ளேயே போய்விட்டது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும்.

வந்தவர்களுக்குப் போதகர் கிடையாது. ஜேம்ஸ் மீன் என்ற பெரியவர் ஞாயிறுதோறும் ஜெபம் நடத்தி, அச்சில் இருந்த பிரசங்கங்களை வாசித்தார். மரத்தடிதான் கோயில். 1806 மார்ச்சில் ஆற்றில் பெரிய வெள்ளம் வந்து பயிர் பச்சை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. அதே வருஷம் செப்டம்பரில் இவர்கள் கூடி ஒரு சங்கம் வைக்கிறார்கள்: ஒரு கோயில் வேண்டும், பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும். வீட்டில் தானியம் இருந்திருக்குமா என்றுகூடத் தெரியாத வருஷத்தில் இந்தத் தீர்மானம். 1788இல் பிரிட்டன் குடியேற்றத்துக்கு அனுப்பிய முதல் கப்பல் கூட்டத்தோடு மாலுமியாக வந்த ஓவன் கவனா நிலம் கொடுத்தார். ஆண்ட்ரூ ஜான்ஸ்டன் என்ற குடியேறி வரைபடம் போட்டார்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். உள்ளூர் மணற்கல்லில் ஒரு நீள்சதுர அறை, மேலே சாய்வுக் கூரை, அவ்வளவுதான். கோபுரம் இல்லை. கிட்டப் போய்ச் சுவரைப் பாருங்கள், தேன் நிறத்தில் இருக்கும், கையை வைத்தால் மணல் மணலாகப் படும். அந்த ஒரே அறையில் ஒரு பக்கம் வழிபாடு, இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம். ஜான் யூல் என்கிற மிஷனரி அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தார். வாத்தியாருக்குத் தனி வீடு 1817இல்தான் வந்தது, அதுவும் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது.

ஏழைகள் கட்டியது, அதனால்தான் இவ்வளவு எளிமை என்று விட்டுவிடாதீர்கள். காசு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பிரஸ்பிட்டேரியன் என்ற சொல்லுக்குள்ளேயே மூப்பர்தான் இருக்கிறார், பிஷப்புக்கு அங்கே இடமில்லை. சபையை மூப்பர்கள் நடத்துவார்கள், வழிபாட்டின் நடுவில் இருப்பது வேதவாசிப்பும் பிரசங்கமும். அப்படியானால் கட்டடத்துக்கு என்ன வேலை? கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் வார்த்தை காதில் விழ வேண்டும். வேதத்தை அவரவரே வாசிக்க வேண்டும் என்றால் பிள்ளைக்கு எழுத்துத் தெரிய வேண்டும், அதனால் பள்ளிக்கூடமும் அந்தக் கூரைக்குக் கீழேயே. என் பார்வையில் அந்த அறை அவர்களுடைய நம்பிக்கையின் வரைபடம்.

அதே ஆற்றின் மேல்பக்கம் வின்ட்சர் ஊரில் ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், புனித மத்தேயு ஆலயம் இருக்கிறது. 1817இல் கால்கோள். கைதியாக வந்த கட்டடக்கலைஞர் ஃபிரான்சிஸ் கிரீன்வே வரைந்தது, ஆளுநரின் அரசு எழுப்பியது, செங்கல்லில் உயர்ந்த கோபுரத்தோடு தூரத்திலேயே தெரியும். மிக அழகான கட்டடம், நான் மறுக்கவில்லை. நம் எழும்பூரில் 1821இல் திறந்த ஆண்ட்ரூஸ் கிர்க்கும் ஸ்காட்லாந்து சபைதான், அங்கே கிழக்கிந்தியக் கம்பெனிப் பணம் குவிமாடமாகவே எழுந்து நிற்கிறது. எபெனேசருக்குப் பின்னால் அரசும் இல்லை, கம்பெனியும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. ஹாக்ஸ்பரி ஆற்றுக்கு அந்த மண்ணின் ஆதிக்குடிகளான தருக் மக்கள் வைத்த பெயர் தியாரப்பின். அதன் கரையில் கிழங்கு தோண்டிச் சாப்பிட்டு வாழ்ந்த அவர்களிடமிருந்து பறித்த மண்ணில்தான் இந்தச் சோளக்கொல்லைகள் எல்லாம் எழுந்தன, 1790களிலிருந்தே அங்கே ரத்தம் சிந்தியது. கோயிலை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்துக்கு முதல் பிரஸ்பிட்டேரியன் போதகராக ஜான் டன்மோர் லாங் வந்து இறங்கியது 1823இல். அதாவது கோயில் கட்டி 14 வருஷம் கழித்து. 1977இல் மூன்று சபைகள் சேர்ந்து ஐக்கிய சபை உருவானபோது எபெனேசரும் அதில் சேர்ந்தது, ஞாயிறு ஆராதனை இன்னும் நடக்கிறது. சிட்னியில் உங்கள் பிள்ளைகளோ உறவுக்காரர்களோ இருந்தால், அடுத்த தடவை போகும்போது கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, அறையின் ஒரு பாதியில் பிள்ளைகள் சத்தமாக எழுத்துக்கூட்டி வாசிப்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம் வெளியே வந்து, முதல் குடியேறிகளின் கல்லறைகளைத் தாண்டி ஆற்றைப் பார்த்து நில்லுங்கள்.